கறவை மாடுகளில் குடற்புழு: மருந்துக்கு முன்னால் மேய்ச்சலைப் பாருங்கள்

மேய்ச்சலுக்குப் போகும் மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் குடற்புழு மருந்து ஊற்றியும், ஒரு மாதம் ஆவதற்குள் கன்றுகள் மறுபடி கழிகின்றன, மயிர் சிலிர்த்து, வயிறு தொங்கி நிற்கின்றன. மருந்தை மாற்றுவதா, மேய்ச்சலை மாற்றுவதா என்பது கேள்வி.

மேய்ச்சலிலிருந்து தொடங்குங்கள். மருந்தும் காரணமாக இருக்கலாம். அதைச் சோதித்து அறிய வழி உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் மாட்டின் வயிற்றில் இருக்கும் புழுவைவிட மேய்ச்சல் நிலத்தில் முட்டையாகவும் இளம்புழுவாகவும் கிடப்பதே மிக அதிகம். சாதாரண வாய்வழி மருந்து ஊற்றிய அன்று வயிற்றில் இருக்கும் புழுவை மட்டும் கொல்லும். மறுநாள் காலை கன்று அதே புல்லில் வாய் வைத்தால் புதிய புழு உள்ளே போகிறது. அது வளர்ந்து முட்டையிட ஏறத்தாழ 3 வாரம் போதும். நீங்கள் சொல்லும் ‘ஒரு மாதம்’ அந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

புழுவின் வாழ்க்கையை நாள்கணக்கோடு தெரிந்துகொண்டால்தான் மேய்ச்சலைத் திட்டமிட முடியும். நான்காம் இரைப்பையில் தங்கும் ஆஸ்டர்டாஜியா, ஹீமாங்கஸ், சிறுகுடலில் தங்கும் கூப்பீரியா ஆகிய உருண்டைப் புழுக்களுக்கெல்லாம் வழி ஒன்றுதான். முட்டை சாணத்தோடு விழுகிறது, சாணத்துக்குள்ளேயே பொரிக்கிறது, இருமுறை தோலுரித்து மூன்றாம் நிலை இளம்புழுவாகிறது. மாட்டைத் தொற்றக்கூடியது இந்த மூன்றாம் நிலை மட்டுமே. 25 டிகிரியை ஒட்டிய வெப்பமும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்தில் இந்த நிலைக்கு வந்துவிடும். 10 டிகிரிக் குளிரில் ஒரு மாதம்வரை இழுக்கும். 150 கிலோ எடையுள்ள கன்று நாளைக்கு 6 கிலோ சாணம் போடுவதாகவும், ஒரு கிராமில் 300 முட்டை இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கன்று ஒரே நாளில் 18 லட்சம் முட்டையை நிலத்தில் போடுகிறது. பொரித்துப் பிழைப்பது அதில் சிறு பங்குதான் என்றாலும் நிலம் கெட அது போதும்.

வெயிலில் கிடக்கும் இரண்டு வாரச் சாணத்தைக் குச்சியால் பெயர்த்துப் பாருங்கள். மேலே விரல் அழுந்தாத அளவுக்கு இறுகியிருக்கும், உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். இளம்புழு அந்த ஈரத்தில்தான் காத்திருக்கிறது. புல்லின்மேல் வந்துவிட்ட இளம்புழுவைக் கடும் வெயில் சில வாரங்களில் கொன்றுவிடும். சாணத்துக்குள் இருப்பதை அப்படிக் கொல்லாது, அங்கே மாதக்கணக்கில் தாங்கும். நல்ல மழை ஒன்று பெய்து சாணம் கரைந்ததும் எல்லாம் சேர்ந்து புல்லுக்கு ஏறும். வறட்சி முடிந்து மழை பிடித்த இரண்டு மூன்று வாரத்தில் கன்றுகள் திடீரென்று மெலிவதற்கு இதுதான் காரணம். புல் செழித்திருக்கும்போது கன்று ஏன் மெலிகிறது என்று பலர் குழம்பிப்போவதும் அப்போதுதான்.

புல்லில் ஏறிய இளம்புழு பெரும்பாலும் தரையிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கும். சாணத்திலிருந்து வெகுதூரமும் போகாது. சாணத்தைச் சுற்றிப் புல் எவ்வளவு வளர்ந்தாலும் மாடு தானாக அதை விலக்கிவிட்டு மேயும்; இடம் தாராளமாக இருக்கும்வரை இந்தப் பழக்கமே பெரிய பாதுகாப்பு. ஒரு நிலத்தில் மாட்டை அதிகமாக அடைத்துவிட்டால் பசி அந்தப் பழக்கத்தை மீறிவிடும், சாணத்தை ஒட்டிய புல்லையும் அடிவரை கடிக்கும். புல் ஒரு விரல் நீளத்துக்கும் கீழே போவதற்குள் மாட்டை அடுத்த பாத்திக்கு, அதாவது மேய்ச்சல் நிலத்தின் அடுத்த பிரிவுக்கு மாற்றுங்கள் என்பதை முதல் விதியாகச் சொல்வேன். காலைப் பனி காய்ந்த பிறகே மேய விட வேண்டும் என்ற அறிவுரையில் ஓரளவு உண்மை உண்டு, ஈரம் இருந்தால்தான் இளம்புழு மேலே ஏறும். ஆனால் வெயில் வந்ததும் அது மறைந்துவிடுவதில்லை, அடிப்புல்லில் நாள் முழுவதும் இருக்கிறது. பத்து மணிக்குமேல் அவிழ்த்துவிட்டு அடிவரை மேயவிட்டால் பயன் ஏதும் இல்லை.

அடுத்து, சுழற்சி மேய்ச்சல். நிலத்தை நான்கைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் விட்டு, 25 அல்லது 30 நாளில் முதல் பாத்திக்குத் திரும்புவது புல்லுக்கு நல்லது; புழுவைக் குறைக்கும் என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் நாள் விழுந்த முட்டை ஏழெட்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடுவதால், 7 நாள் ஒரே பாத்தியில் நின்ற மாடு கடைசி நாளில் தான் போட்ட முட்டையையே திரும்பத் தின்னத் தொடங்கலாம். 25ஆம் நாள் திரும்பி வரும்போது இளம்புழு உச்சத்தில் இருக்கும். வெப்பமும் மழையும் சேர்ந்த காலத்தில் சுழற்சி பயன்பட வேண்டுமானால் இரண்டு மாற்றம் வேண்டும். ஒரு பாத்தியில் 3 அல்லது 4 நாளுக்குமேல் நிற்கக் கூடாது. திரும்பி வர 5 வாரத்துக்குக் குறையக் கூடாது, 6 முதல் 8 வாரம் என்றால் இன்னும் நல்லது. வெப்பத்தில் இளம்புழு சுறுசுறுப்பாக அலைந்து, உண்ண எதுவும் இல்லாததால் சேமிப்புக் கொழுப்பைத் தீர்த்துச் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் இந்தக் கணக்கு எடுபடுகிறது. குளிர்ந்த, ஈரமான பகுதியில் அது ஆறு மாதம், சில இடங்களில் ஓராண்டுகூட உயிரோடு கிடக்கும். அங்கே ஆறு வார ஓய்வால் எதுவும் ஆகாது.

நிலத்தை உண்மையில் சுத்தமாக்குவது வேறு வேலைகள். உழுது ஒரு பயிர் எடுத்த நிலம், உலர்தீவனத்துக்காகப் புல் அறுத்தெடுத்த பின் துளிர்த்த மறுதாம்பு, ஒரு பருவம் முழுவதும் ஆடோ குதிரையோ மட்டும் மேய்ந்த நிலம் ஆகியவை மாட்டுப் புழுவைப் பொறுத்தவரை நல்ல நிலங்கள். ஆட்டின் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டில் நிலைக்காது. விதிவிலக்கு உண்டு: ஹீமாங்கஸ் கன்றையும் ஆட்டையும் மாறி மாறித் தொற்றும், கல்லீரல் தட்டைப்புழு இரண்டுக்கும் பொது. ஆகவே ஆட்டையும் மாட்டையும் மாற்றி மேய்ப்பது உதவும், முழுப் பாதுகாப்பு ஆகாது.

இப்படிக் கிடைக்கும் நல்ல நிலத்தை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் பண்ணையின் மிக முக்கியமான முடிவு. கன்றுகளுக்குத்தான் கொடுக்க வேண்டும், கறவைக்கு அல்ல. புழுவோடு பழகிய மாடு எதிர்ப்புச் சக்தி பெறுகிறது: கூப்பீரியாவுக்கு எதிராக முதல் மேய்ச்சல் பருவத்திலேயே, ஆஸ்டர்டாஜியாவுக்கு எதிராக இரண்டாம் பருவத்தில். மூன்று ஈற்றுப் பசு புல்லோடு இளம்புழுவை விழுங்கினாலும் பெரும்பகுதி வளராமல் போகும், சாணத்தில் முட்டை மிகக் குறைவாகவே வரும். அதனால் மேயும் வரிசையை மாற்றுங்கள். முதலில் கன்றுகள் புதிய பாத்தியில் நுனிப்புல்லை மேயட்டும், அவற்றுக்குப் பின்னால் பெரிய மாடுகள் வந்து மீதியை மேயட்டும். கன்றுகள் விட்டுவைத்த அடிப்புல்லின் இளம்புழுவைப் பெரிய மாடுகள் விழுங்கி ஒழிக்கின்றன. பல பண்ணைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. நல்ல புல் கறவைக்கு. கன்றுகளுக்கென்று கொட்டிலை ஒட்டிய சிறு துண்டு நிலம், ஆண்டுதோறும் அதே நிலம். போன ஆண்டுக் கன்றுகளின் புழுவை இந்த ஆண்டுக் கன்றுகள் அங்கே வாங்கிக்கொள்கின்றன. எவ்வளவு மருந்து ஊற்றினாலும் அந்தத் துண்டு நிலம் தோற்கடித்துவிடும்.

புல்லுக்கே போகாத பால்குடிக் கன்றுக்கு வேறொரு கதை. டாக்சோகாரா என்ற பெரிய உருண்டைப் புழு பாலின் வழியாக வருகிறது. தாயின் தசையிலும் ஈரலிலும் உறங்கிக் கிடக்கும் இளம்புழு கன்று ஈன்றதும் மடிக்கு நகர்ந்து, முதல் இரண்டு வாரப் பாலில் கன்றுக்குள் போகிறது. எருமைக் கன்றுகளில் இது இன்னும் கடுமை. களிமண் நிறக் கழிச்சல், மூச்சில் புளித்த வாடை, உப்பிய வயிறு எல்லாம் அடையாளம். முற்றினால் 30 சென்டிமீட்டர்வரை நீளமான புழுக்கள் திரண்டு குடலையே அடைத்துவிடும். தாய்க்கு மருந்து கொடுத்து இதைத் தடுக்க முடியாது, உறங்கும் இளம்புழுவை வழக்கமான மருந்துகள் எட்டுவதில்லை. இதற்குப் பயந்து சீம்பாலை நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. செய்ய வேண்டியது, பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் கன்றுக்கு ஒரே ஒரு வேளை பைரான்டெல், பைபரசின், ஃபென்பெண்டசோல் இவற்றில் ஒன்றைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுப்பது. பைரான்டெல் என்றால் ஒரு கன்றுக்கு 250 மில்லிகிராம். அந்த நாளில் பாலோடு வந்த புழுவெல்லாம் குடலில் சேர்ந்திருக்கும், முட்டையிட இன்னும் தொடங்கியிருக்காது. ஒரு மாதம் தாண்டிவிட்டால் கன்று கொட்டில் முழுவதும் முட்டையைப் பரப்பிவிடும். அந்த முட்டையின் தடித்த ஓடு மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

தட்டைப்புழுவை உருண்டைப் புழுவோடு சேர்த்து நினைக்கவே கூடாது. வழி வேறு, மருந்து வேறு, நாள்கணக்கு வேறு. கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டை தண்ணீரில் பொரித்து, நன்னீர் நத்தைக்குள் புகுந்து, அங்கே நூற்றுக்கணக்காகப் பெருகி வெளியேறி, நீரோரப் புல்லிலும் நெல் தண்டிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. அதைத் தின்ற மாட்டின் ஈரலைக் குடைந்துகொண்டு பித்தநாளத்துக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குப் பிறகுதான் சாணத்தில் முட்டை வரும். இதற்கு எதிராக மாடு நல்ல எதிர்ப்புச் சக்தி பெறுவதே இல்லை, வயதான பசுவும் கன்றைப் போலவே பாதிக்கப்படும். தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்குவது, கண் இமையின் உட்புறம் வெளுப்பது, தீனி குறையாமலேயே பால் குறைவது ஆகியவை இதன் அறிகுறிகள்.

மேய்ச்சலில் செய்யக்கூடியது நிறைய. குட்டை ஓரம், வாய்க்கால் கரை, கசிவு நிலம் ஆகியவற்றை வேலி போட்டு அடையுங்கள். தண்ணீரைத் தொட்டியில் காட்டுங்கள், தொட்டி வழிந்து சுற்றிலும் சேறாகாமல் பாருங்கள். ஒழுகும் குழாய் ஒன்றே நத்தைக்கு வீடு கட்டிக் கொடுத்துவிடும். நெல் தாள் கொடுப்பதானால் தண்ணீரில் நின்ற அடித்தண்டை விட்டு மேல்பாகத்தைக் கொடுங்கள், நன்றாக வெயிலில் காய்ந்த பிறகு கொடுங்கள். கூட்டுக்குள் இருக்கும் இளம்புழு ஈரத்தில் மாதக்கணக்கில் வாழும், முழுக்கக் காய்ந்தால் சாகும். பச்சைச் சாணத்தையும் கொட்டில் கழுவிய நீரையும் நெல் வயலுக்கு நேரடியாக விட்டால் நத்தைக்கு முட்டையை நீங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். நீர்நிலையில் வாத்து விடுவது நத்தையைக் குறைக்கும். நத்தை மருந்து தெளிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, மீனும் சேர்ந்து சாகும்.

தட்டைப்புழு மருந்தில் பலரும் தவறுவது புழுவின் வயதில். ஆக்ஸிகுளோசனைடும் அல்பெண்டசோலும் முதிர்ந்த தட்டைப்புழுவை மட்டுமே கொல்லும். குளோசன்டெல், நைட்ராக்சினில் இரண்டும் 7, 8 வாரத்துக்கு மேற்பட்டதைக் கொல்லும். டிரைக்ளபெண்டசோல், கிலோவுக்கு 12 மில்லிகிராம் வீதம் கொடுத்தால், இரண்டு வார இளம்புழுவையே எட்டும். ஈர நிலத்தில் மேய்ந்து ஒரு மாதத்தில் படுத்த மாட்டுக்கு ஆக்ஸிகுளோசனைடு ஊற்றினால் ஈரலைக் குடைந்துகொண்டிருக்கும் புழு ஒன்றும் சாகாது. டிரைக்ளபெண்டசோலோ உருண்டைப் புழுவையும் பெருவயிற்றுத் தட்டைப்புழுவான ஆம்ஃபிஸ்டோமையும் தொடாது. ஆம்ஃபிஸ்டோம் முதிர்ந்த பின் பெரிதாகக் கெடுதல் செய்வதில்லை. அதன் இளம்பருவம் சிறுகுடலில் கூட்டமாக இருக்கும்போது துர்நாற்றத்தோடு தண்ணீராகக் கழியும். அதற்கு ஆக்ஸிகுளோசனைடுதான் மருந்து. அந்தக் கட்டத்தில் சாணத்தில் முட்டை இருக்காது, பரிசோதனை முடிவை நம்பி விட்டுவிட்டால் மாடு போய்விடும்.

சாணப் பரிசோதனை இல்லாமல் மருந்து வாங்கக் கூடாது, அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாணத்தைத் தரையிலிருந்து அள்ளாமல் கையுறையோடு மலக்குடலிலிருந்து 10 கிராம் எடுத்து, காற்றுப் புகாமல் கட்டி, குளிர்ச்சியாக வைத்து ஓரிரு நாளில் ஆய்வகத்தில் சேருங்கள். தாமதித்தால் முட்டை பொரித்துவிடும், எண்ணிக்கை பொய்யாகக் குறையும். வழக்கமான மெக்மாஸ்டர் முறையில் 3 கிராம் சாணத்தை 42 மில்லி உப்புக் கரைசலில் கலந்து எண்ணும்போது கண்ணில் பட்ட ஒரு முட்டைக்கு, கிராமுக்கு 50 முட்டை என்று கணக்கு. உருண்டைப் புழு முட்டை உப்புக் கரைசலில் மிதக்கும். தட்டைப்புழு முட்டை கனமானது, மிதக்காது. அதற்கு அடியில் படியவிடும் முறை தனியாகச் செய்ய வேண்டும். அந்த வண்டலில் பொன்மஞ்சளாகத் தெரிவது கல்லீரல் தட்டைப்புழு, நிறமில்லாமல் தெளிவாகத் தெரிவது ஆம்ஃபிஸ்டோம். “புழு முட்டை இல்லை” என்று சீட்டு வந்தால் எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். கன்றுகளில் முட்டை எண்ணிக்கை ஓரளவு நிலைமையைச் சொல்லும். பெரிய பசுவில் எண்ணிக்கை குறைவாக இருப்பதை வைத்துப் புழு இல்லை என்று முடிவு கட்ட முடியாது, இருப்பதை வைத்து மருந்து அவசியம் என்றும் சொல்ல முடியாது.

யாருக்கு மருந்து என்பதற்கு வருவோம். முதல் பருவம் மேயும் கன்றுகளுக்கு, கட்டாயம். வறட்சியும் மழையும் தெளிவாகப் பிரிந்த பகுதியில், மழை பிடிக்கும் தறுவாயில் ஒருமுறை. அடுத்தது மழை தொடங்கி 5, 6 வாரத்தில் சாணத்தைப் பார்த்துவிட்டு. முதல் மருந்து வறட்சியில் உறங்கிக் கிடந்த இளம்புழுவையும் கொல்வதாக இருக்க வேண்டும். லெவமிசோல் அதைச் செய்யாது, ஃபென்பெண்டசோலும் ஐவர்மெக்டின் வகையும் செய்யும். இரண்டாம் பருவக் கிடேரிகளுக்கு எடையும் சாணமும் பார்த்துக் கொடுங்கள். தலையீற்றுப் பசுவுக்கு ஈனுவதை ஒட்டி ஒருமுறை கொடுப்பது பலன் தரலாம், அது இன்னும் வளர்ந்துகொண்டும் கறந்துகொண்டும் இருக்கிறது. நல்ல உடல்கட்டோடு கறக்கும் மூன்றாம் ஈற்று, நான்காம் ஈற்றுப் பசுக்களுக்கு உருண்டைப் புழு மருந்து பெரும்பாலும் தேவையில்லை. மந்தை முழுவதுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதை விட்டுவிடுங்கள். அது செலவு மட்டுமல்ல, ஏன் கெடுதல் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். ஈர நிலத்தில் மேயும் பசுக்களுக்குத் தட்டைப்புழு மருந்தைக் கறவை வற்றிய காலத்தில் கொடுப்பது வசதி, பாலைக் கொட்ட வேண்டியதில்லை.

கொட்டிலிலேயே கட்டித் தீவனம் போடும் மாட்டுக்கு உருண்டைப் புழு குறைவு. ஆனால் பச்சைச் சாணம் போட்ட நிலத்தில் தரையோடு அறுத்த பசும்புல் கொடுத்தால் மேய்ந்த மாதிரிதான். சாணத்தைக் குவித்து மட்கவிட்டு, உள்ளே 55 டிகிரிக்குமேல் சூடேறி, ஓரத்தை உள்ளே புரட்டி, மறுபடி சூடேறிய பிறகு நிலத்துக்குப் போகட்டும். ஈரமாகவே கிடக்கும் கன்றுக் கொட்டிலில் கொக்கிப்புழு தோல் வழியாகவே ஏறும், படுக்கையைக் காய வையுங்கள்.

மருந்தளவில் நடக்கும் தவறுதான் மிகப் பெரிய தவறு. எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறோம். எடை பார்க்கும் மேடை இல்லாவிட்டால் நாடாவை எடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பின்முனை எலும்புவரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 130 என்றால் 307 கிலோ. அல்பெண்டசோல் உருண்டைப் புழுவுக்குக் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், ஆக 2,300 மில்லிகிராம். இனிமேல்தான் ஆபத்து. 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் இருக்கிறது, 92 மில்லி ஊற்ற வேண்டும். 10 சதவீதமானால் 23 மில்லி போதும். போனமுறை 10 சதவீதம் வாங்கி 23 மில்லி ஊற்றியவர், இந்த முறை 2.5 சதவீதப் புட்டியிலிருந்தும் அதே 23 மில்லி ஊற்றினால் தேவையான அளவில் கால்பங்குதான் போகிறது. அதே அல்பெண்டசோல் தட்டைப்புழுவுக்கு வேலை செய்யக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வேண்டும். மந்தையாக ஊற்றும்போது சராசரி எடைக்கு ஊற்றாதீர்கள். எடைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் அதிக எடையுள்ள மாட்டுக்கான அளவை ஊற்றுங்கள். லெவமிசோலுக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் சரியான அளவுக்கும் விஷத்துக்கும் இடைவெளி குறுகல், ஒவ்வொரு மாட்டையும் தனியாக அளந்துதான் கொடுக்க வேண்டும்.

ஊற்றும் விதமும் முக்கியம். புட்டியை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் படிந்திருக்கும். தலையை மேலே தூக்கி அண்ணாக்க வைக்காதீர்கள், மருந்து நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். தாடை தரைக்கு இணையாக இருக்க, வாயின் ஓரத்தில் குழலை விட்டு, நாக்கின் பின்பகுதியில் மெதுவாக ஊற்றி, விழுங்க விட்டு மறுபடி ஊற்றுங்கள். வாயின் முன்னால் ஊற்றினால் பாதி வெளியே வழிவதோடு, மருந்து பெருவயிற்றில் தங்காமல் நேராக நான்காம் இரைப்பைக்கும் போய்விடலாம். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகை மருந்துகள் பெருவயிற்றில் தங்கி மெல்லமெல்ல இறங்கினால்தான் முழு வேலை செய்யும். முந்தின இரவு தீவனத்தைக் குறைத்துக் கொடுத்தால் தங்கும் நேரம் கூடும். நலிந்த மாட்டுக்கும் நிறைசினைக்கும் இது வேண்டாம். முதுகில் ஊற்றும் மருந்தைத் திமிலிலிருந்து வால் அடிவரை நடுக்கோட்டில், காய்ந்த சுத்தமான தோலில் விட வேண்டும். சாணம் அப்பிய முதுகில் விட்டால் வீண். மாடுகள் ஒன்றையொன்று நக்கி, ஒன்றுக்கு அதிகமாகவும் மற்றதற்குக் குறைவாகவும் போய்ச் சேரும்.

சினைப்பட்ட முதல் 45 நாளில் அல்பெண்டசோல் கூடாது, கருவைக் கெடுக்கும். சினை ஊசி போட்ட தேதி தெரியாத மாட்டுக்கு ஃபென்பெண்டசோல் பாதுகாப்பானது. பால் கறக்கும் பசுவுக்கு ஐவர்மெக்டின் ஊசி கூடாது. அது கொழுப்பில் தங்கிப் பாலில் வாரக்கணக்கில் வரும், காய்ச்சினாலும் போகாது. அதே குடும்பத்தில் எப்ரினோமெக்டின் பாலுக்கு மிகக் குறைவாகவே போவதால் கறவை மாட்டுக்கென்று அனுமதிக்கப்பட்டிருக்கிறது. எந்த மருந்தானாலும் புட்டியில் அச்சிட்ட பால் விலக்கு நேரத்தைப் படித்து, அத்தனை வேளைப் பாலையும் விற்காமலும் வீட்டுக்கு எடுக்காமலும் இருங்கள். குழந்தைகள் குடிக்கும் பால் அது. ஐவர்மெக்டின் சாணத்தில் வெளியேறி, சாணத்தைச் சிதைத்து மண்ணில் புதைக்கும் சாணவண்டுகளையும் கெடுக்கிறது. சாணம் சீக்கிரம் மறைவது புழுவைக் குறைக்கும் என்பதால் இந்த இழப்பும் கடைசியில் கன்றுகள் தலையில்தான் விடிகிறது.

எல்லா மாட்டுக்கும் அடிக்கடி ஊற்றுவது ஏன் கெடுதல்? மருந்தில் பிழைக்கும் புழு ஒவ்வொரு மந்தையிலும் சில இருக்கும். மந்தை முழுவதுக்கும் ஊற்றியதும் மற்றதெல்லாம் செத்து, அடுத்த மூன்று வாரம் நிலத்தில் விழும் முட்டையெல்லாம் பிழைத்தவற்றின் பிள்ளைகளாகிவிடும். அதிலும் மருந்து ஊற்றிய கையோடு சுத்தமான புது நிலத்துக்கு ஓட்டிப்போனால், அந்த நிலத்தில் மருந்துக்குச் சாகாத புழுவை மட்டும் விதைத்ததாகும். முன்பு இதையே நல்ல முறை என்று பரிந்துரைத்தார்கள். இப்போது செய்ய வேண்டியது, பத்தில் ஒன்றிரண்டு நல்ல உடல்கட்டுள்ள மாட்டை மருந்தில்லாமல் விட்டுவிடுவது. அல்லது மருந்து ஊற்றிச் சில நாள் பழைய நிலத்திலேயே மேயவிட்டுப் பிறகு ஓட்டுவது. வறட்சியின் முடிவில் நிலத்தில் இளம்புழு மிகக் குறைவாக இருக்கும்போது இந்த ஆபத்து உச்சம். மழைக்கு முந்தைய மருந்தைக் கன்றுகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான்.

புட்டியின் பெயரை மாற்றினால் மருந்து மாறிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல், ஆக்ஸ்ஃபென்டசோல் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றுக்குச் சாகாத புழு மற்றதற்கும் பெரும்பாலும் சாகாது. ஐவர்மெக்டின், டோராமெக்டின், எப்ரினோமெக்டின் இன்னொரு குடும்பம். அதற்கு முதலில் தப்பிக்கப் பழகியது கூப்பீரியா. லெவமிசோல் மூன்றாவது.

உங்கள் கன்றுகளின் விஷயத்தில் மருந்து தோற்கிறதா என்பதை இப்படிச் சோதியுங்கள். குறைந்தது 10 கன்றுகள், மருந்து ஊற்றும் அன்று ஒவ்வொன்றின் சாணமும் தனித்தனியாக. எடை பார்த்துச் சரியான அளவு. 14ஆம் நாள் அதே கன்றுகளின் சாணம் மறுபடி. சராசரி 400 முட்டை 12ஆகக் குறைந்தால் 97 சதவீதம், மருந்து வேலை செய்கிறது. 60ஆகக் குறைந்தால் 85 சதவீதம். 95க்குக் கீழே போனாலே அந்தக் குடும்ப மருந்தை அந்தப் பண்ணையில் சந்தேகிக்க வேண்டும். 14ஆம் நாள் சுத்தமாக இருந்து 35ஆம் நாள் மறுபடி ஏறியிருந்தால் மருந்தில் குறையில்லை, குறை புல்லில்தான்.

இரண்டிலும் குறை தெரியாமல் கன்று மெலிந்தால் புழுவை விட்டு வேறிடம் தேடுங்கள். இரத்தமும் சளியும் கலந்த கழிச்சல், முக்கிக் கழிதல் என்றால் கன்றுகளில் பெரும்பாலும் காக்சிடியா. அது புழு அல்ல, குடலைத் தாக்கும் ஒற்றைச் செல் நுண்ணுயிர்; புழு மருந்து எதுவும் அதைத் தொடாது. காய்ச்சலோடு இமை வெளுத்தால், சிறுநீர் சிவந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கும். மேயும் கன்றுகள் ஓடவைத்தால் இருமினால் நுரையீரல் புழு. மருந்து உடனே வேண்டும். தாமதித்துக் கொடுத்தால் செத்த புழுவே மூச்சுக்குழலை அடைத்து இரண்டு மூன்று நாள் நிலைமையை மோசமாக்கும். புரதம் குறைந்த தீவனத்தில் வளரும் கன்று, சிறு புழுச்சுமையைக்கூடத் தாங்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வெளியிலிருந்து வாங்கும் மாடு இன்னொருவர் பண்ணையின் மருந்துக்குச் சாகாத புழுவையும் கொண்டுவரும். வந்த அன்றே இரண்டு வேறு குடும்ப மருந்துகளைச் சரியான அளவில், ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகக் கொடுங்கள்; எந்த இரண்டு என்பதைச் சினையும் கறவையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். ஈரப் பகுதியிலிருந்து வந்ததானால் தட்டைப்புழு மருந்தும் சேரும். இரண்டு நாள் தனியாகக் கட்டி வைத்து, அந்தச் சாணத்தை மட்கக் குழியில் போடுங்கள். பிறகு அதைச் சுத்தமான பாத்திக்கு விடாமல் உங்கள் மாடுகள் ஏற்கெனவே மேய்ந்த பாத்திக்கு விடுங்கள். தப்பிய ஒன்றிரண்டு புழு அங்கே இருக்கும் உங்கள் பண்ணைப் புழுவோடு கலந்து கரைந்துபோகும். இரண்டு வாரம் கழித்து அதன் சாணத்தைச் சோதித்து, முட்டை இல்லை என்று தெரிந்த பிறகு கன்றுகளின் நிலத்துக்குப் பக்கத்தில் விடலாம்.